கடலோடு நின்ற அம்பாசிடர்

மதினி,

காலையில் வண்டிச் சாவியைத் தேடும்போது, நீங்கள் அதில் கோத்துவிட்ட குட்டிச் சங்கு கையில் தட்டுப்பட்டது. முகர்ந்து பார்த்தேன், இன்னும் கடல் வாசனை. பொய். என் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பவர் நீங்கள்; உங்களிடம் எதற்கு?

அண்ணன் தவறிய வருடம் அது. பிள்ளையில்லாத அண்ணனுக்கு, ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரத்தில் எள்ளும் தண்ணீரும் நான்தான் இறைக்க வேண்டும். மடவார் வளாகத்தில் நம் தெருக்காரர்கள் உங்களையும் தங்களோடு ரயிலுக்குக் கூப்பிட்டார்கள். நான் விடவில்லை.

"முட்டுவலியோட ரயிலா மதினி? போன வருசம் என் வண்டியக் கோவில் வாசல்லயே நிப்பாட்டுனேன்."

அந்தத் தீவை நான் கண்ணால் கண்டதில்லை. பக்கத்து ராஜபாளையத்தில்கூட என் அம்பாசிடர் வந்தால் மில் முதலாளி வண்டியே ஒதுங்கும். அந்த மிதப்பில், ரோடு போகாத ஊரும் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

மண்டபத்தில் ரோடு முடிந்து கடல் கிடந்தது. அப்போது ரயில் பாலம் மட்டும்தான். காலை ரயிலும் போயிருந்தது. மத்தியான ரயிலில் உங்களைத் தூக்கித்தான் ஏற்றினேன். தீவில் என் கண்ணில் ஒரு கார்கூடப் படவில்லை, குதிரை வண்டிகள்தான். கடற்கரைக்குப் போனபோது பொழுது சாய்ந்து, ஐயர்மார் எழுந்து போயிருந்தார்கள். எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இறைங்க கொழுந்தனாரே. உங்க அண்ணன் எதுக்கு நேரத்துக்கு வந்துருக்காரு? இப்பதான் வந்துக்கிட்டு இருப்பாரு."

பிறகு இந்தச் சங்கை வாங்கிச் சாவியில் கோத்தீர்கள். "வண்டி வராட்டியும் சாவி வந்துருச்சுல்லா."

ஊரில், ரயிலில் போய் வந்தவர்களே சிரிப்பை அடக்கிக்கொண்டு, வண்டி எதுவரைக்கும் போச்சு என்று கேட்டார்கள். "கோவில் வாசல்லயே கொண்டு இறக்குனாரு" என்றீர்கள். எதில் என்று சொல்லவில்லை. நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பஸ் போகும் பாலம் வந்ததும் கூட்டிப் போகிறேன் என்று வருடக்கணக்காய்ச் சொன்னேன். நீங்கள் முந்திக்கொண்டு அண்ணனிடம் போய்விட்டீர்கள்.

இந்த ஆடி அமாவாசைக்கு, புதுப் பாலத்தில் ஏறிப் போய், விடியுமுன்னே வண்டியைக் கோவில் பக்கம் நிறுத்தினேன், மதினி. நிஜமாகவே. இறங்கி வந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்றேன். பிறகு இரண்டு பேருக்கும் எள் இறைத்தேன்.

ஊரில் கேட்டார்கள், கார்லயா போனீங்க என்று.

அன்று நாம் போன மாதிரியே ரயிலில் என்றேன். சாவியோடு சங்கு சட்டைப்பையில் கிடந்தது.