அப்பாவுக்குக் கல்கத்தா டிக்கெட்

ஜனவரி 22, வெள்ளி

காலையில் கடும் பனி. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு. அண்ணன் வந்துவிட்டான். கல்கத்தாவிலிருந்து உட்கார்ந்தே வந்ததில் கால் வீக்கம்.

வந்ததும் வராததுமாகச் சொன்னான். அப்பாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது. புதன்கிழமை எங்கள் சீனப் புத்தாண்டு, மறுநாளே ரயில். போலீஸ் அனுமதியும் வாங்கிவிட்டானாம். அப்பா திருவாரூருக்கு வந்து பாதி ஆயுசு ஆகிவிட்டது. பிள்ளைகள் நாங்கள் பிறந்ததே இங்கேதான். ஆனாலும் சர்க்கார் கணக்கில் அவர் சீனாக்காரர். வெளியூர் போக அனுமதி வேண்டும்.

அம்மா போனது ஆடியில். அன்றிலிருந்து அப்பா பல் ஆஸ்பத்திரியைத் திறக்கவில்லை. அதன் பின்கட்டில் தனியாக இருக்கிறார். நான் கொண்டுபோகும் சோறு பாதி திரும்பி வரும். என் வீட்டுக்கு வரச் சொன்னால், பெண்ணைக் கொடுத்த வீட்டில் தங்குவது முறையில்லையாம். அந்த விஷயத்தில் சீனாவும் திருவாரூரும் ஒன்றுதான்.

டிக்கெட் என்றதும் தலையை ஆட்டினார். சரி என்றா, வேண்டாம் என்றா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வாங்க வேண்டியது: புளி, இவருக்கு பிளேடு, அப்பாவுக்கு மஃப்ளர்.

ஜனவரி 24, ஞாயிறு

அம்மா கல்லறைக்கு மூன்று பேரும். புல் மண்டிக் கிடந்தது. அண்ணன் பிடுங்கினான்.  திரும்பும்போது அப்பா என்னிடம் மட்டும், எங்கள் பாஷையில், இனிமேல் நீதான் வந்து புல்லைப் பிடுங்க வேண்டும் என்றார். போவதென்று தீர்மானித்துவிட்டார். 

வயல் பக்கம் தகராறு. அறுவடைக் கூலி படியவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்க, செங்கொடிக்காரர்கள் மறித்திருக்கிறார்கள். தஞ்சாவூர் பஸ் இல்லை. சுவருக்குச் சுவர் தேர்தல் எழுத்து வேறு.

ஜனவரி 25, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் அப்பா வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் மாட்டு வண்டி. வைக்கோல் மேல் ஒரு ஆள், முகத்தில் சுற்றிய துண்டெல்லாம் ரத்தம். கூட அவன் பெண்டாட்டி அஞ்சலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கூலி வேலை. வயலில் நடந்த அடிதடியில் புருஷன் கோவிந்தனின் தாடையில் தடி விழுந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலிலேயே போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து இங்கே வந்திருக்கிறாள்.

அண்ணன் கதவை மறித்து நின்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சீனச் சண்டையின்போது சித்தப்பா குடும்பத்தையே போலீஸ் ராஜஸ்தான் சிறை முகாமுக்கு ஏற்றிப்போனதை நேரில் பார்த்தவன்.

"நாம வெளிநாட்டுக்காரங்கப்பா. இதுல தலையிட்டா நம்மளையும் ஏத்திடுவாங்க" என்றான்.

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "வழியை விடுப்பா. அந்த ஆளால வாயை மூட முடியல" என்றார்.

ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது. எங்கும் தூசி. நான் வெந்நீர் வைத்தேன். அண்ணனும் பல் டாக்டர்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், கையைக் கழுவிவிட்டுப் போய் விளக்கைப் பிடித்தான். உடைந்த தாடை அசையாமலிருக்க, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினார் அப்பா. முடிக்க மதியம் தாண்டிவிட்டது. கஞ்சியை வடிகட்டிக் கொடு, உறிஞ்சிக் குடிக்கட்டும் என்று அஞ்சலையிடம் சொல்லி அனுப்பினார்.

அப்புறம் தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 26, செவ்வாய்

குடியரசு தினம். பள்ளியில் கொடியேற்றம், மிட்டாய். அப்பா வீட்டுக்குப் போனால் வாசலில் போலீஸ் ஜீப்.  உள்ளே இன்ஸ்பெக்டர். அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

வந்தவன் என்ன சொன்னான், யார் பேரைச் சொன்னான் என்று இன்ஸ்பெக்டர் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேச முடியாதவர்கிட்ட என்னத்தக் கேக்கறது சார்? தாடை உடைஞ்சிருந்துச்சு. கட்டினேன்" என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கும்போது, அடித்தவர்களைப் பிடித்தாயிற்று, கோவிந்தன் மேல் கேஸ் இல்லை, பயப்படாமல் நடமாடச் சொல்லுங்கள் என்றார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜீப் தெரு திரும்பிய பிறகுதான் மூச்சு வந்தது. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை.

ஜனவரி 27, புதன்

அம்மா இல்லாத முதல் புத்தாண்டு. எல்லோரும் எங்கள் வீட்டில். கறி வைத்த கொழுக்கட்டை அம்மா கைக்கு வருவதுபோல் வரவில்லை. மாவு கிழிந்தது. பிரமாதம் என்று இவர் சொன்னது பொய்.

சாப்பிட்டதும் அண்ணனே ஆரம்பித்தான். அப்பாவைக் கூட்டிப்போனால் தனக்கு நிம்மதி, ஆனால் அவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று நேற்றுப் பூரா யோசித்தானாம். மூத்த பிள்ளை இருக்கும்போது பெண் பார்த்துக்கொள்கிறாள் என்று பேசுவார்களே என்று தயங்கினான்.

"பேசறவங்க பேசட்டும் மச்சான். மாமா எங்களுக்கு வேத்து ஆளா?" என்றார் இவர்.

முடிவானது: ஆஸ்பத்திரி நடக்கட்டும். ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். வருஷா வருஷம் புத்தாண்டுக்கு அண்ணன் குடும்பத்தோடு வருவது.

அப்பா, "அந்தக் கம்பிய அவுக்கற வரைக்கும் நான் எங்கயும் வர முடியாது" என்றார்.

"அதுக்கப்புறம்?" என்றேன்.

"அதுக்குள்ள வேற யாருக்காவது பல் வலி வந்துடும்."

ஆடிக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

ஜனவரி 28, வியாழன்

வெயில். அண்ணன் தனியாகக் கிளம்பினான். ஒரு டிக்கெட் கேன்சல். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றவன், ரயில் நகர்ந்த பிறகுதான் விட்டான்.

விளக்கு வைத்ததும் அப்பா தானே நடந்து வந்தார். கத்திரிக்காய்க் குழம்பு. சாப்பிட்டதும் கிளம்புவார் என்று இவர் டார்ச் லைட்டை எடுத்து வைத்தார். அப்பா கூடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். குறட்டை கேட்கிறது.