எவர் கையில் தூங்குவான்

நிலைய நாள் 212. காலை 06.10
காற்றழுத்தம் சரி. தண்ணீர் பாதித் தொட்டி. வெளியே மைனஸ் நூற்றெண்பது. நிலாவின் தென்முனையில் பனி தோண்டும் சிறிய நிலையம் இது. அப்பா காற்று வடிகட்டி வாங்கத் தலைமை நிலையத்துக்கு வண்டியில் போய் மூன்று நாள் ஆகிறது. இன்று மாலை திரும்ப வேண்டும். அம்மா, நான், மூன்று மாதத் தம்பி சவேரி மட்டும் இருக்கிறோம். வானொலியில் அம்மா பேசுவாள். எனக்கு அதில் பேசக் கூச்சம், அதனால் குறிப்பு என் பொறுப்பு.

212. காலை 09.40
தம்பி குறைமாதப் பிள்ளை. நெஞ்சில் ஒட்டிய வில்லை அவன் இதயத்துடிப்பைக் காட்டும். 150க்குள் இருந்தால் நல்லது. 180 தாண்டினால் மூச்சு திணறும், ஆக்சிஜன் வைக்க வேண்டும். அவனுக்கான சிலிண்டரில் இரண்டு மணி நேரத்துக்குத்தான் இருக்கிறது.
இப்போது என் மடியில். 138.

212. மாலை 15.20
தலைமை நிலையத்திலிருந்து பிச்சையா மாமா அழைத்தார்.
"ஏ பெனிட்டா, இன்னிக்காவது பேசுவியா, வாயில கொழுக்கட்டையா? சரி, அம்மாவக் கூப்புடு."
வழக்கமான கிண்டல்தான். ஆனால் சிரிக்காமல் சொன்னார். அம்மா எப்போதும் ஒலிபெருக்கியில்தான் கேட்பாள். இன்று ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். நான்கு நிமிடம். என்ன என்று கேட்டேன்.
"ஒண்ணுமில்லட்டி. வண்டிச் சக்கரம் ரிப்பேராம். அப்பா வர நாளாவும்."
சிரித்தபடியே தம்பியை வாங்கினாள். 171. 184. அழுகை. சிலிண்டரில் இருபது நிமிடம் போயிற்று.

213. காலை 08.00
அம்மா கையில்: 176, 182, 190. என் கையில்: 140, 136.
"உரம் விழுந்திருக்கும். பெட்ஷீட்டப் புடி, உருட்டுவோம்" என்றாள் அம்மா. குழந்தைக்குச் சுளுக்குப் பிடித்தால் ஊரில் செய்யும் வைத்தியம். ஆளுக்கொரு முனை பிடித்து, நடுவில் அவனைப் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டினோம். இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. பூரி மாதிரி எழும்பினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என் பக்கம் உருண்டால் அழுகை நின்றது. அம்மா பக்கம் உருண்டால் தொடங்கியது. நான்கு முறை பார்த்தேன். உரம் ஆளைப் பார்த்து விழுமா?

213. பகல் 13.15
அம்மா விரலில் துடிப்புமானியை மாட்டினேன். சும்மா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அதே சிரிப்பு. 128. அவளுக்கு எப்போதும் 75தான்.
"ஒண்ணுமில்லட்டி" என்றாள். குரல் ஒரு சொட்டுகூட நடுங்கவில்லை. தம்பி குரலைக் கேட்பதில்லை போலிருக்கிறது. அவளுடைய தோலைக் கேட்கிறான்.

214. காலை 07.30
சிலிண்டரில் முப்பத்தைந்து நிமிடம். அம்மா இனி அவனைத் தூக்கமாட்டாளாம். நானும் அவனும் உள் அறையில், அவள் வெளியே. பாலைப் பீய்ச்சிப் புட்டியில் அடைத்து, கதவு இடுக்கு வழியாக நீட்டினாள்.
"ஏட்டி, வேற வண்டி நாளான்னிக்கு வருது. பெரிய சிலிண்டர் கொண்டு வாராவ. அதுவரைக்கும் எங்கிட்ட எதுவும் கேக்காத. ஒங்கிட்ட இருந்தாத்தான் அவன் தூங்குறான்."
வேற வண்டி என்றாள்.
நான் கேட்கவில்லை.

215. காலை 10.05
கேட்காமல் இருப்பதும் ஒரு வேலை. சுவரில் உள்ள திருகாணிகளை எண்ணுகிறேன். நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினால் நூற்றுப் பதினொன்று. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருப்பது தெரிகிறது. இரண்டடி தூரம். ஒருவரை ஒருவர் தொட்டு இரண்டு நாள் ஆகிறது.
148.
வேறு எதையாவது நினைக்க வேண்டும். கொழுக்கட்டை. பூரி. திருகாணி.
155.
எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது. தெரியாது.
143.

215. மாலை 17.50
அறை வானொலியில் பிச்சையா மாமா.
"பெனிட்டா... தாயி. பேசாண்டாம். தம்பிய நல்லா புடிச்சுக்க."
இதுவரை அவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டதே இல்லை. 186. ஆக்சிஜன் வைத்தேன். சிலிண்டரில் பத்து நிமிடம் மிச்சம்.

216. காலை 11.30
வண்டி வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு பேர் இறங்கினார்கள். இருவருக்கும் அப்பாவின் உயரம் இல்லை. நான் மறுபடி பார்க்கவில்லை. 161. 174. 185. மறுபடி ஆக்சிஜன். சிலிண்டரில் நான்கு நிமிடம்தான் மிச்சம்.

216. காலை 11.52
புதுச் சிலிண்டரைப் பொருத்திவிட்டார்கள். வந்த அக்கா முகமூடியைச் சரிசெய்துவிட்டு, "இனி எவ்வளவு அழுதாலும் பயமில்ல" என்றாள்.
அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இப்போது கேட்கலாம். தம்பியை நெஞ்சோடு பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினேன்.
நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.