வறண்ட ஆற்றில் ஒரு நாற்றுப் பந்தல்

இன்று காலை மாடியில் தக்காளிச் செடியின் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டுக் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டும் அந்தப் பச்சை வாடை விரலை விட்டுப் போகவில்லை. காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனால் அதிலும் அதே வாடை. அப்புறம் காபி எங்கே இறங்கும்? உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன், மாப்ளே.

எழுபதுகளின் நடுவில், ஃபுஜைரா மலைகளுக்குள் ரோடு போட்ட கம்பெனியின் கேம்ப்பில் நீயும் நானும் ஒரே ரூம். மானாமதுரைப் பக்கம் ஒரே ஊர்க்காரர்கள். மெஸ்ஸில் ரசம் என்ற பெயரில் டின் தக்காளிக் கூழைக் கரைத்து ஊற்றுவார்கள். வாயில் வைக்க விளங்காது. கோடை முடிந்த பிறகுதான் அங்கே தக்காளி போடவே தொடங்குவார்கள். நீயோ ஆகஸ்ட் வெயிலிலேயே நாற்று விட்டாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். பொங்கலுக்கு லீவில் ஊருக்குப் போகுமுன் கேம்ப் முழுக்க உன் கையால் ரசம் வைத்து ஊற்ற வேண்டுமாம்.

நாற்றுக்கு நிழல் வேண்டும். எதற்குள் விடுவது என்று நம் ரூமில் இதே பேச்சு. ஜெனரேட்டர் வந்த மரப்பெட்டியை மெஸ் பின்சுவர் ஓரம் வைத்து, அங்கிருக்கும் மண்ணையே நிரப்பி, மேலே சாக்கைக் கட்டலாம் என்றேன் நான். "அந்த உப்பு மண்ணுல எருக்குகூட மொளைக்காதுடா" என்றாய். ஸ்டோர்கீப்பர் பாலிதீன் ஷீட் கொடுத்தார். வளைத்துக் கட்டி, மதியம் உள்ளே கையை விட்டுப் பார்த்தாய். இட்லிக் கொப்பரைதான். கடைசியில் கேம்ப்புக்குக் கீழே, வாதி என்று அவர்கள் சொல்லும் வறண்ட ஆற்றுக்குள் இறங்கினாய். நம் ஊர் ஆற்று மணலில் கோடைக்கு வெள்ளரி போடுவார்களே, அந்த நினைப்பு உனக்கு. தோண்டினால் ஈரம், நல்ல வண்டல். ஈச்ச ஓலையால் இடுப்பளவு பந்தல் போட்டுவிட்டுத் தலைகால் புரியாமல் திரிந்தாய்.

பக்கத்து முள்மரத்தில், ஆள் உயரத்துக்கும் மேலே, சருகும் கந்தலும் சுற்றிக்கிடந்தன. காற்று கொண்டுவந்து போட்டிருக்கும் என்றோம். தண்ணீர் லாரி ஓட்டும் உள்ளூர்ப் பெரியவர் பந்தலைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். மலையைக் காட்டி, கையைச் சரேலென்று கீழே இழுத்து, "மாஃபி, மாஃபி" என்றார். வேண்டாம் என்கிறார் என்று புரிந்தது. "நம்ம ஆத்துல தண்ணி வருதுன்னா தண்டோரா போட்டுட்டுத்தானடா வரும்" என்று நீ சிரித்தாய். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கொடுத்தாய்.

நாற்று இரண்டிலை விட்டிருந்த வெள்ளிக்கிழமை. தலைக்கு மேல் வானம் வெளேரென்று இருந்தது. மலைக்குப் பின்னால் மட்டும் கறுத்துக் கிடந்தது. எப்போதும் வாதியிலேயே படுத்திருக்கும் ஆடுகள் சொல்லிவைத்தாற்போல் கரையேறி நின்றன. மழையே இல்லாமல் மண்வாசனை வந்தது. உன்னைச் சாப்பிடக் கூப்பிட வந்த நான், "மேல வா மாப்ளே!" என்று கரையிலிருந்து கத்தினேன். பந்தலுக்குள்ளிருந்து தலையை நீட்டிக் காதைச் சாய்த்தாய்.

"இன்னைக்கு லீவுல்ல? புல்டோசரை எவன்டா ஓட்டுறான்?"

நான் பதில் சொல்லுமுன் வளைவில் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீராகவா வந்தது? கல்லும் மரமுமாக ஒரு சுவர் நகர்ந்து வருவதுபோல் வந்தது. அவ்வளவுதான். கேம்ப்பில் ஒரு சொட்டு மழை விழவில்லை.

உன்னை அங்கேயே தகனம் செய்துவிட்டு ஊருக்கு வந்து, உன் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். உன் மனைவி அழவில்லை. "நெசத்தைச் சொல்லுங்கண்ணே. பாலைவனத்துல ஏது ஆறு? அவரை என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாள். மேஸ்திரி அடித்துவிட்டான், மிஷினில் சிக்கிக்கொண்டாய் என்று ஊர் ஆளுக்கொரு கதை கட்டியது. கம்பெனி என் வாயை அடைத்துவிட்டதாகவும் பேசினார்கள். கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தும் பார்த்தேன்.

உன் மனைவிக்கு இப்போது காது மந்தம். என்னை எங்கே கண்டாலும் கிட்டே வந்து உட்கார்வாள். "இனிமேயாவது சொல்லுங்கண்ணே" என்பாள். நானும் அந்த ஆற்றைத்தான் சொல்வேன். அவள் மனம் ஆறட்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றும், வாய் வராது. நடந்ததை நடந்தபடி சொன்னால் நம்புவதற்கு, உன்னைத் தவிர எனக்கு ஆளில்லையடா.