தோல் உரித்த பூண்டு

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். இந்த முறை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. என் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. ஊசி போட்டுச் சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதினாறு நாள் கழித்து, போன வியாழக்கிழமை, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடி. பிறகு என்னைத் திட்டு.

உன் அத்தானிடமும் நான் மூச்சு விடவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது. முடிவு தெரிவதற்குள் வீட்டைச் சாவு வீடாக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பனி கொட்டப்போகிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, தோட்டத்தில் இருந்ததையெல்லாம் பிடுங்கினேன். கேரட் சுண்டுவிரல் பருமன் இல்லை. முட்டைக்கோஸ் ஒரு கைக்குள் அடங்கும். இன்னும் மூன்று வாரம் விட்டிருக்கலாம். நான் படுத்துவிட்டால் யார் பறிப்பார்கள் என்பதுதான் மனதில் ஓடியது.

பறித்ததைச் சமைத்தேன். விடுமுறைக்கு அவருடைய அண்ணன் வீட்டார் ஒன்பது பேர் வருகிறார்கள், அவர்களுக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சமைத்தது இந்த மனிதருக்கு. வெந்நீர் வைத்தாலே பாத்திரத்தைக் கருக்குகிறவர் ஆயிற்றே. நாற்பது டப்பா. ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டி ஃப்ரீசரில் அடுக்கினேன். 'செவ்வாய். சூடாக்கவும். அடுப்பை அணைக்கவும். அணைத்தீர்களா என்று திரும்பிப் பார்க்கவும்.'

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால், தையல் கடையை மதியமே சாத்திவிட்டு அவர் தோட்டத்தில் மண்டி போட்டிருக்கிறார். கையில் இஞ்ச் டேப். கோடு போட்டு, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகப் பூண்டு நடுகிறார். இந்த ஊரில் குளிர் தொடங்கும்போது நட்டால் அடுத்த வருஷம் ஜூலைக் கோடையில்தான் பூண்டு தோண்ட முடியும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஜூலையில நீதான் தோண்டணும், என் முதுகுக்கு ஆகாது" என்றார். அப்போது அவருக்கு முடிவு தெரியாது.

காகிதத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்து அழுதேன். கட்டி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் குளிர்கோட்டின் இடது அக்குளைக் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொன்னேனாம், அன்றைக்கே தெரியுமாம். முப்பது வருஷமா உன் அளவு எடுக்கிறேன், எனக்கா தெரியாது என்கிறார். நான்தான் பெரிய மறைப்புக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், பூண்டுப் பல் அத்தனையையும் தோலை உரித்து, சட்னிக்கு வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று நட்டிருக்கிறார். உரித்தால் மண்ணில் அழுகிப்போகும் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ. எல்லாவற்றையும் தோண்டியெடுத்துத் தோலோடு வேறு பல் நட்டோம். உரித்ததெல்லாம் விருந்துச் சூப்பில் போயிற்று. மூன்று நாள் வீடே மணத்தது. டப்பாச் சீட்டுகளை வாசித்துவிட்டு அவர் அண்ணி, "என்னம்மா இது, புருஷனுக்குப் பாடம் எழுதி வச்சிருக்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன், மூன்று வாரத்தில் முதல்முறையாக.

இன்னும் ஒன்று இருக்கிறது. உனக்கும் அம்மா அதே அம்மாதான். போன தடவை வந்தபோது, கையைத் தூக்கினால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாய். நானும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். பயம், வேறென்ன.

டாக்டரிடம் போய்க் காட்டு. தேதி கிடைத்ததும் எழுது, முந்தின நாளே வந்து நிற்பேன். அந்த ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்தது போதும். உன்னைத் தனியாக உட்கார விடமாட்டேன். நீ நூறு வயது இருக்க வேண்டும், கண்ணு.

உன் அக்கா