பட்டியலில் இல்லாத மரம்

ஆல்டர்ஃபீல்டு,
சஃபோக்.
மார்ச் 26, புதன்கிழமை

அன்புள்ள ரோவேனாவுக்கு,

இங்கே நலம். நீயும் ஆன்ட்ரூவும் குழந்தை பிப்பாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிறு தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இவருக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல வரவில்லை. பலமுறை முயன்று பார்த்தேன். திரையில் உன் முகம் வந்ததும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன். நியூசிலாந்துக்குக் கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். அப்படியென்றால் நீ விமானம் ஏறுவதற்குள் படித்துவிடுவாய். எனக்கு அதுதான் வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. கூரை ஓரத்து மழைநீர்க் குழாயை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. உன் பழைய அறையைக் காலிசெய்து வைத்திருக்கிறேன். நம் ஊர்க் காட்டைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டியின் தலைவி பெரில், அதுதான் அம்மாவின் சிநேகிதி பெரில் கேட்ச்போல், பிப்பாவுக்காகத் தன் பேரனின் தொட்டிலைக் கொண்டுவந்து அவளே பூட்டிக் கொடுத்தாள். முடித்த பிறகு கையில் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. "ஒண்ணு குறைஞ்சாலும் நிக்குது பாருங்க டெஸ்மண்ட், உங்கள மாதிரியே" என்றாள். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இனி மரத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் மரம் இப்போது இல்லை. ஜனவரி பன்னிரண்டாம் தேதி அதை வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் நீ ஞாயிறுதோறும் "அம்மா மரம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். நானும் "நல்லா இருக்கு" என்றேன். வெட்டிய நாளையும் சேர்த்துப் பதினோரு ஞாயிறு அப்படிச் சொல்லியிருக்கிறேன். பிப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மாவிடம் காட்ட வேண்டும், மரத்தடியில் உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று நீ சொன்னபோதும் சரி என்றேன். இதை முதலில் எழுதிவிட்டால் மீதி சுலபமாக வரும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை.

போன வருஷம் அம்மா இறந்தபோது நீ எட்டு மாதக் கர்ப்பம். விமானத்தில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நீ பார்க்காததை வரிசையாகச் சொல்கிறேன்.

நம் காட்டில் யாருடைய அஸ்தியையும் போடக் கூடாது, பெயர்ப்பலகை, பூங்கொத்து எதுவும் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவள் அம்மாதான். கமிட்டிக்கு அவள் செயலாளராக இருந்தபோது யாரோ ஒருவர் தன் மாமனாரின் பெயரில் பெஞ்சு போட வேண்டும் என்று வந்தார். "ஏழு ஏக்கர் காடு. ஆளுக்கொரு பெஞ்சு போட்டா மரம் எங்க நிக்கும்? காடு காடாவே இருக்கட்டும்" என்று கூட்டத்தில் ஒரே போடாகப் போட்டாள். அதே அம்மா, என் மொரீன், ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில், என்னிடம் சொன்னாள்: "டெஸ், ஓடைக்குப் பக்கத்துல முழங்கை மாதிரி முடிச்சு உள்ள ஹார்ன்பீம் மரம் இருக்குல்ல, அதுக்கடியில என்னைப் போட்டுடு. யார்கிட்டயும் சொல்லாத. விதி எழுதினவளே மீறினா சிரிப்பாங்க."

மே மாதம் ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாகப் போனேன். புளூபெல் பூக்கள் நீலம் வெளிறி வாட ஆரம்பித்திருந்தன. தகனம் செய்த இடத்தில் அஸ்தியைப் போட்டுக் கொடுத்த பச்சை பிளாஸ்டிக் ஜாடி நான் எதிர்பார்த்ததைவிடக் கனம். தூவும்போது காற்று கொஞ்சம் அடித்ததில் என் பூட்ஸ் மேலும் விழுந்தது. அதைத் தட்டிவிடலாமா கூடாதா என்று தெரியவில்லை. அப்படியே வீடுவரை நடந்து வந்தேன்.

அந்தக் காட்டில் இருநூறு ஹார்ன்பீம் இருக்கும். இலை அடர்ந்துவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல் நிறப் பட்டை, ஒரே முகம். நீ வரும்போது தடுமாறக் கூடாதே என்று அடுத்த வாரம் அந்த மரத்துக்கு ஒரு அடையாளம் வைக்கப் போனேன். கமிட்டியின் கொட்டகைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அலமாரியில் இரண்டு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பா இருந்தன, ஒன்று ஆரஞ்சு, ஒன்று வெள்ளை. ஆரஞ்சை எடுத்துக்கொண்டு போனேன். மரத்தின் பின்பக்கம், தாழ்வாக, ஒரு புள்ளி வைத்தேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது.

ரோ, உனக்கே தெரியும். அக்டோபரில், மறுபடி துளிர்க்கட்டும் என்று மரங்களை அடிவரை வெட்டும் பருவம் தொடங்கும்போது, புதிதாக வரும் தொண்டர்களை நிறுத்திவைத்துப் பாடம் சொல்கிறவன் நான். பதினோரு வருஷமாக அதே ஒரு வரி: "ஆரஞ்சுன்னா வெட்டு, வெள்ளைன்னா விடு." இந்த ஒரு வரிக்காகவே எனக்கு டாக்டர் பட்டம் கொடுக்கணும் என்று அம்மா கேலி செய்வாள். வெள்ளை டப்பாவும் பக்கத்திலேயே, கைக்கு எட்டும்படிதான் இருந்தது. ஏன் ஆரஞ்சை எடுத்தேன் என்று கேட்காதே. அன்று கையில் எது வந்ததோ அதை எடுத்தேன். அந்த மாதம் ஒரு நாள் பாலைக் கொண்டுபோய் ரொட்டிப் பெட்டியில் வைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியின் இரண்டாம் ஞாயிறு ஓடைப் பக்கத்து மரங்களை வெட்டும் முறை வந்தது. மெஷின் ரம்பம் பிடிக்க லைசென்ஸ் உள்ள நெவ் காரட் வந்து வெட்டினான். எனக்குச் சுள்ளி எரிக்கும் வேலை. நான் அந்தப் பக்கம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மரம் விழுந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சம் மங்குகிறது. நாளைக்குத் தொடர்கிறேன்.

வியாழக்கிழமை

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். கடைசி வரி பொய். கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம்தான். எழுதினால் அந்த இடம் வந்ததும் மறுபடி அதே பொய்யை எழுதிவிடுவேனோ என்று பயம். அதனால் அது அப்படியே இருக்கட்டும், உண்மையைக் கீழே எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். நெவ் என்னிடம் வந்து கேட்டான்.

டீ நேரம். ஆறேழு பேர் நெருப்பைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். பெரில் பழக் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நெவ் கையில் பட்டியலோடு வந்தான். "பெரியவரே, லிஸ்ட்டுல பதினாறுதான் போட்டிருக்கு. ஓடைக்கிட்ட பதினேழாவதா ஒண்ணுல புள்ளி இருக்கு. நல்ல மரம், முடிச்செல்லாம் விழுந்து அழகா இருக்கு. யாரு வச்சாங்கன்னு தெரியல. விட்டுடட்டுமா?" என்றான்.

பெரில் சிரித்துக்கொண்டே, "வேற யாரு, நம்ம ஆரஞ்சு வாத்தியாராத்தான் இருக்கும். அவரையே கேளு" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

விடு என்றால் போதும். ஒரே வார்த்தை. ஆனால் விடு என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் அஸ்தி என்று சொல்ல வேண்டும், மொரீன் தன் விதியைத் தானே மீறினாள் என்று சொல்ல வேண்டும். கேக்கும் கையுமாக நிற்கிறவர்களிடம் அதைச் சொன்னால் அவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்? யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்றே வளர்ந்தவன் நான். என் அப்பா மாரடைப்பு வந்தபோதுகூட, டாக்டர் சாப்பிடுகிற நேரம், கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடலாம் என்றவர். அந்த ரத்தம்தான்.

"ஆரஞ்சுன்னா வெட்டு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நெவ் திரும்பிப் போனான். ரம்பம் ஓடும் சத்தம் நாலு நிமிஷம் கேட்டது. பிறகு அது விழுந்தது. நான் கையில் இருந்த கேக்கைத் தின்று முடித்தேன். திராட்சை கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. சாயங்காலம் கட்டைகளை அடுக்கும்போது முழங்கை முடிச்சு உள்ள துண்டை நான்தான் தூக்கிவைத்தேன். கனமாக இருந்தது. அவ்வளவுதான் தோன்றியது.

உன்னிடம் போனில் சொல்ல முடியாமல் போனது இதைத்தான். மரம் போனதைச் சொல்லியிருப்பேன். அது விழும்போது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதை எப்படிச் சொல்வது? அம்மா போன நாளிலிருந்தே இப்படித்தான் இருக்கிறேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அது மாதிரி. இருக்கிறது என்று தெரிகிறது, என்னுடையது என்று தெரியவில்லை. எப்போது சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ரோ.

போன சனிக்கிழமை காட்டுக்குப் போனேன். இப்போது அங்கே சிறு சாதி மான்கள் அதிகமாகிவிட்டன. வெட்டிய அடிக்கட்டை துளிர்விட்டதும் வந்து கடித்துவிடும். அதனால் அம்மா மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றிலும் கம்பு நட்டு, நடுவே சுள்ளியை அடைத்து வேலி கட்டிக்கொண்டிருந்தேன். நாயோடு பெரில் அந்தப் பக்கம் வந்தாள். "பதினேழு அடிக்கட்டை கிடக்கு, இது ஒண்ணுக்கு மட்டும் என்ன ராஜ உபசாரம்?" என்றாள்.

சொல்லிவிட்டேன். ஏன் அன்று சொல்ல முடிந்தது என்று தெரியவில்லை. ஒரே ஒரு ஆள்தானே என்பதால் இருக்கலாம்.

பெரில் ஈரம் என்றுகூடப் பார்க்காமல் அப்படியே ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மொரீன் எங்கிட்டயும் சொன்னா, டெஸ்மண்ட். ஆஸ்பத்திரியில வச்சு, அந்த விதிய எடுத்துடலாமான்னு கேட்டா. எடுக்கவெல்லாம் வேணாம்டீ, உன்னக் கொண்டுவர்ற அன்னிக்கு நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன்னு சொன்னேன். எந்த மரம்னு அவ சொல்லல. நீங்க வந்து சொல்வீங்கன்னு வருஷம் பூரா பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு நெருப்புக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய் அந்த மரத்தக் கட்டிப்பிடிச்சு நின்னிருப்பேனே. ஒரே ஒரு வார்த்தை, மனுஷா!"

அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் லூசா இருக்கு, மான் என்ன, மாடே நுழையும்" என்று திட்டிவிட்டு, வேலியின் மறுபாதியைத் தானே கட்டினாள். என்னுடையதைவிட நன்றாகவே கட்டினாள். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது. காற்று ஈரமாக இருந்தது.

அந்த மரத்துத் துண்டுகள் ஒரு மூட்டை நம் வீட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. நடந்தது எதுவும் தெரியாமல் பிப்ரவரியில் பெரில்தான் குளிருக்கு என்று கொண்டுவந்து போட்டாள். பச்சை விறகு, காய இரண்டு வருஷம் ஆகும். முழங்கை முடிச்சும் அதில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நீயே சொல்.

இதைப் படித்துவிட்டு நீ கோபப்படுவாய். படவேண்டியதுதான். இரண்டு நாள் போன் பேசாமல் இரு, இரண்டு வாரம் வேண்டுமானாலும் இரு. டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யாதே. வா. வந்து என்னைத் திட்டு. காட்டில் ஓடைவரை சேறு முழங்கால் அளவு இருக்கிறது, ஆன்ட்ரூவை நல்ல பூட்ஸ் கொண்டுவரச் சொல். நான் காட்டு வாசலின் இரும்புக் கதவருகே நின்றுகொள்கிறேன், நீங்கள் மூவரும் மட்டும் போய்வாருங்கள். நானும் வர வேண்டும் என்று நீ சொன்னால் வருகிறேன். இடம் தெரிவதில் சிரமம் இருக்காது. வேலியின் மூலைக் கம்பில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். வெள்ளை. டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்த பிறகுதான் வைத்தேன்.

அந்த அடிக்கட்டை துளிர்க்குமா என்று தெரியாது. ஹார்ன்பீம் பொதுவாகத் துளிர்க்கும், ஆனால் இத்தனை வயதான மரம் சில சமயம் அப்படியே அடங்கிப்போவதும் உண்டு. மே மாதம் பாதி போனால்தான் தெரியும் என்கிறாள் பெரில். நீ மே எட்டாம் தேதி திரும்புகிறாய். ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை. துளிர்த்ததா என்று பார்க்கத்தான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் வந்து சேர வேண்டும். தொட்டிலில் அந்தத் திருகாணி எங்கே போக வேண்டியது என்று கண்டுபிடித்துவிட்டேன், மாட்டியும் ஆயிற்று. வாசல் விளக்கு எரியும்.

அன்புடன்,
அப்பா