பதினெட்டாம் பெருக்குப் போட்டோவில் இரண்டு மாலை

மேலையூர்
25.8.2002

அன்புள்ள வானதிக்குச் சித்தப்பன் பஞ்சநதம் எழுதுவது. இங்கே உன் அம்மா, சித்தி வள்ளியம்மை, மாடு கன்று உட்பட சகலரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, சுகமாகத்தான் இருக்கிறாய் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

இந்த வருஷம் காவேரியில் ஒரு சொட்டு இல்லை. பதினெட்டாம் பெருக்குக்கு மோட்டார் குழாயை மணலில் இழுத்துப் போட்டு அந்தத் தண்ணிக்குத்தான் பெண்கள் காப்பரிசி படைத்தார்கள். அந்த வருத்தத்தில் இருந்த அண்ணிக்கு, நியூஜெர்சி ஆற்றங்கரையில் நீ தாம்பாளத்தோடு நிற்கிற போட்டோ வந்ததும் கால் தரையில் பாவவில்லை. “எம்பொண்ணு காவேரியை அமெரிக்காவுக்கே கூட்டிட்டுப் போயிட்டா, பாருங்க தம்பி” என்று சீர்காழி வரைக்கும் பஸ் ஏறிக் காட்டிவிட்டு வந்தார்கள். எனக்கு மட்டும் போட்டோவில் ஏதோ உறுத்தியது. வாட்ச் ரிப்பேர் ஜெக்கரியாவிடம் கண்ணில் மாட்டுகிற லென்ஸை வாங்கி மூன்று நாள் பார்த்தேன், பார்த்த பார்வையில் அந்த ஆற்று மீனையெல்லாம் எண்ணி ஆண் பெண் பிரித்துவிட்டேன். “அண்ணன் பொண்ணு மேலயே சிஐடி வேலையாய்யா” என்று அவன் வேறு ஏசினான்.

உன் கழுத்தில் மஞ்சள் கயிறு. அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களும் கட்டுவதுதான், ஆகவே தள்ளுபடி. தாம்பாளத்தின் மறுபக்கம் ஒரு கை, கரடிக்கு இருக்கிற ரோமம். ரூம் தோழி கை என்பாய், அதுவும் தள்ளுபடி. ஆனால் காப்பரிசிக்குப் பின்னால் காய்ந்து சருகான மாலை, ஒன்றல்ல, இரண்டு. கல்யாண மாலையைப் பத்திரமாக வைத்திருந்து பெருக்கன்று ஆற்றில் விடுவது புதுசாகக் கட்டிக்கொண்ட ஜோடி மட்டும்தானே அம்மாடி? பேசாமல் குப்பையில் போட்டிருந்தால் நான் என்னத்தைக் கண்டேன், உனக்கு மனசு வரவில்லை.

அண்ணி கண் உன் முகத்தை விட்டு நகராததால் மாலை இன்னும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் ஆவணி இருபத்தேழு வியாழக்கிழமை, கும்பகோணம் தியாகராசன் பையனுக்கு உன்னை நிச்சயம் செய்து தட்டு மாற்றப் போகிறார்கள். போனில் நீ “அப்புறம் பேசலாம்மா” என்றாயாம், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பையனுக்குக் காது மந்தம் என்று ஒரு புரளியைக் கிளப்பிப் பார்த்தேன், எடுபடவில்லை. அடுத்த தெருவில் ஊசி விழுந்தால் திரும்பிப் பார்க்கிற பிள்ளை, பாவம்.

கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அண்ணன் போன பிறகு உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவன், உன் கல்யாணத்துக்கு இங்கிருந்து பூம்புகார் கடல்வரை பந்தல் போடுவதாக இருந்தவன், சருகைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவன் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். தட்டு மாற்றிய பிறகு விஷயம் வெளியே வந்தால் சபையில் தலைகுனிந்து நிற்கப்போவது உன் அம்மா, அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது.

கடிதம் கிடைத்த அன்றே, இங்கே காலை ஏழு மணிக்குப் போன் பண்ணு. எனக்கல்ல, அம்மாவுக்கு. பக்கத்திலேயே நிற்பேன். அவர்கள் அழுது, திட்டி முடித்ததும் நான் வாங்கித் திட்டுவேன். அதற்குப் பிறகு போனை அவனிடம் கொடு.

மாரியம்மன் உன்னையும், என் சந்தேகப்படி உன் பக்கத்தில் இருப்பவனையும் காக்கட்டும். வியாழக்கிழமையை மறந்துவிடாதே.

உன் சித்தப்பன்,
பஞ்சநதம்