அம்மா வாங்கச் சொன்ன ட்ரைபாட்

செம்பூர்,
வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி சாதனாவுக்கு அப்பா ஜகந்நாதனின் அநேக ஆசீர்வாதம். மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டபாடில்லை. துணி எதுவும் காயவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் போன் எப்போதும் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. நான் பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். அதனால் காகிதத்தில் எழுதி, எதிர்வீட்டு ருக்குவின் போனில் படமெடுத்து அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். இருந்தாலும் மாப்பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லாதே. மெதுவாக நீயே படி.

டாக்டர் அம்மாவுக்கு இனி மருந்து ஏற்ற வேண்டாம், வலிக்கு மட்டும் கொடுப்போம் என்று சொன்னது உனக்குத் தெரியும். தெரியாதது, போன மாதம் கீழ்வீட்டுப் பிரம்மநாயகம் காலமானபோது நடந்தது.

அவர் பிள்ளை சாய்நாத் மெல்போர்னில் இருக்கிறான். அவனால் உடனே வர முடியவில்லை. வீடியோவிலாவது பார்க்கட்டும் என்று யாரோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டில் போனை மாட்டி ஹாலில் வைத்தார்கள். தூக்குகிற சமயத்தில் ஒருவருடைய வேட்டி அதன் காலில் சிக்கி, ஸ்டாண்ட் சாய்ந்து, போன் தரையில் மல்லாக்க விழுந்தது. அழுகைச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் வண்டியோடு கிளம்பிவிட்டோம்.

ஹாலில் அம்மா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பிடித்து மாடியேற்ற ருக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். தரையிலிருந்து சாய்நாத் கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். யாராவது இருக்கீங்களா, எனக்கு ஃபேன் மட்டும்தான் தெரியுது என்று. அம்மாவுக்கு வயிறு இருக்கிற நிலைமையில் குனிய முடியாது. "நான் அபயம் மாமிடா, என்னால குனிய முடியலைடா" என்று சொல்லிவிட்டு, ருக்கு வரும்வரை உட்கார்ந்த இடத்திலிருந்தே அவனோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பா முகத்தைக் கடைசியா பார்க்கலையே மாமி என்று அவன் அழுதானாம்.

மறுநாள் காலையில் காபி கொடுத்தபோது அம்மா என்னிடம், "ஏன்னா, விழாத ஸ்டாண்டா ஒண்ணு வாங்கிண்டு வாங்கோ. சாதனா ஃபேனைப் பார்த்துண்டு உக்காரப்படாது" என்றாள்.

நான் காதில் விழாத மாதிரி இருந்து பார்த்தேன். அவள் விடுவதாக இல்லை. உன் விசா பேப்பர் முடியாமல் நீ அங்கிருந்து கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள், குழந்தை தவித்துப் போய்விடும் என்று எனக்கு எடுத்துச் சொன்னதும் அவள்தான். உன்னை வரச்சொல்லி எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை காட்கோபரில் ஒரு கேமரா கடைக்குப் போனேன். கவுண்டரில் சாயிமா என்று ஒரு பெண். ஹிந்தியில், எங்கே டூர் போகிறீர்கள் அங்கிள், மலையா, கடலா என்று கேட்டாள். சும்மா பிரயாணத்துக்கு என்றேன். மூன்று எடுத்து வைத்தாள். ஒன்று மலிவு, குடை மாதிரி லேசாக இருந்தது. கால்களை முழுசாக நீட்டி விரலால் தட்டினால் கிடுகிடுவென்று ஆடியது. நம் ஹால் ஃபேன் காற்றுக்கே அது நிற்காது. இரண்டாவது, கல்யாண வீடியோக்காரர்கள் வைத்துக்கொள்வது. இடித்தாலும் அசையாது, ஆனால் தூக்கினால் தோள் இறங்கிவிடும். காரியம் செய்யப் போகிறவன் நான். என் கையில் வேறு எதுவும் இருக்க முடியாது. மயானத்துக்கு ருக்குதான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பெண்கள் வரக் கூடாது என்றால் கேட்கிறவள் இல்லை அவள். ஆனால் போன வருஷம் மணிக்கட்டு உடைந்தது அவளுக்கு இன்னும் சரியாகவில்லை. மூன்றாவது கார்பன் ஃபைபராம். லேசு, உறுதி இரண்டும் உண்டு. விலையைக் கேட்டுக் கீழே வைத்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், எதற்கு என்று சொன்னால்தானே சரியானதைக் காட்ட முடியும் என்றாள். சொன்னேன். மூன்றையும் எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு அலுமினிய ட்ரைபாட் கொண்டுவந்தாள். மடித்தால் முழங்கை நீளம். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், உயர்த்தினால் ஆடும். கீழே கொக்கி இருக்கிறது, அதில் கனமாக ஒரு பையைத் தொங்கவிடுங்கள் என்றாள். பில் போடும்போது வழக்கமாக எல்லாரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னாள், உபயோகிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

நேற்று மத்தியானம் அம்மா அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். என்னையும் ருக்குவையும் சோபாவை நகர்த்தச் சொல்லி, பாயை விரித்து, தெற்கே தலைவைத்துப் படுத்துவிட்டாள். ருக்கு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் கொக்கியில் அரிசிப் பையைத் தொங்கவிட்டு, போனை மாட்டி நின்றேன். முகம் தெரியறதா என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். கால் பக்கத்திலிருந்து எடுக்காதேங்கோ, மூக்கு பெரிசா விழும் என்றாள். நானும் சிரித்தேன், சாதனா. அப்படி ஒரு சிரிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பிறகு, கண்ணை மூடியபடியே கேட்டாள். "இதுல அவ முகம் நேக்குத் தெரியுமோ?"

நான் கொக்கியிலிருந்து அரிசிப் பையைக் கழற்றினேன். அவளாக எழுந்திருக்க முடியவில்லை. ருக்குவும் நானும் சேர்ந்துதான் தூக்கிக் கட்டிலில் விட்டோம்.

தலைமுடி போன பிறகு அம்மா படத்தை உனக்கு அனுப்பினேன் அல்லவா? அன்றிலிருந்து நீ குரலில் மட்டும்தான் பேசுகிறாய். நெட் சரியில்லை என்கிறாய். அம்மா அதை நம்புகிறாள். உனக்குப் பயமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். நானும் அவள் முகத்தை நேராகப் பார்க்காமல் மருந்து கொடுத்துப் பழகிவிட்டேன்.

காலையில் மருந்து கொடுத்த பிறகு சிறிது நேரம் அவள் தெளிவாக இருக்கிறாள். உனக்கு அப்போது ராத்திரி, குழந்தை தூங்கியிருக்கும். கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடு. என்ன பேசுவது என்று யோசிக்காதே, பேசாமல்கூட இரு. அழுகை வந்தால் அழு. அவள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

தீர்க்காயுசாக, தீர்க்கசுமங்கலியாக இரு. உனக்கு ஒரு குறையும் வராது. நாளைக்கே கூப்பிடு, கண்ணே.

அன்புள்ள அப்பா